இனிப்பு வேண்டாத கரப்புகள்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது வங்கிக்காரர்களுக்கு மட்டுமே தெரியும். மற்ற எல்லோருக்கும் அவன் ஸ்ப்ரே. தொழிலுக்கு வந்த புதிதில் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு, மூக்கில் துணியைச் சுற்றிக்கொண்டு கடை கடையாகக் கரப்பு மருந்து அடித்தவன். அப்புறம் அந்த டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, பற்பசை மாதிரி குழாயில் வருகிற இனிப்புப் பசைக்கு மாறினான். கதவுக் கீலின் இடுக்கில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், அடுப்புக் காலுக்கு அடியில் என்று கடுகளவு கடுகளவாக வைத்துவிட்டு வந்தால் போதும். இனிப்புக்கு ஆசைப்பட்டு வரும் கரப்பு தின்னும், பதுங்கும் இடத்துக்குப் போய்ச் சாகும். நாற்றம் இல்லை, புகை இல்லை, கடையை மூட வேண்டியதில்லை. வேலை மாறினாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவனுடைய அக்கா பேக்கரி வைத்திருந்தாள். முன்னால் கண்ணாடிப் பெட்டியும் கல்லாவும், பின்னால் மாவு பிசையும் மேசையும், சுவரோடு சுவராக நிற்கும் பெரிய அடுப்பும். அத்தான் அடுப்புப் பக்கம், அக்கா கல்லாப் பக்கம். இருவரும் ஒரே கூரையின் கீழ் நாள் முழுக்க இருந்தாலும் சாப்பாட்டு நேரத்தில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். ஸ்ப்ரே முதன்முதலில் இனிப்புப் பசை வைத்தது அந்த பேக்கரியில்தான். வைத்த வாரமே கரப்புகள் கொத்துக் கொத்தாக மல்லாந்து கிடந்தன. அக்கா அன்றைக்குப் பூரித்துப்போய், வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் தம்பியின் புகழ்தான் பாடினாள். அதிலிருந்து மாதம் தவறாமல் அவன் போவான், பசை வைப்பான், ஒரு பன்னைத் தின்று அக்காவிடம் வம்பளந்துவிட்டு வருவான். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

வினை ஒரு பிறந்தநாள் கேக்கின் ரூபத்தில் வந்தது. ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு கேக் வாங்க வந்திருந்தாள். அக்கா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கேக்கை வெளியே எடுக்கும்போது, அதன் ரோஜாப்பூவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கரப்பு எட்டிப் பார்த்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட அக்காவுக்கு ஆறியிருக்கும்.

அன்றைக்கே ஸ்ப்ரேக்குப் போன் வந்தது. ஓடோடிப் போனான். புதுக் குழாயை உடைத்து, வழக்கமாக வைக்கிற இடத்திலெல்லாம் இரண்டு மடங்காக வைத்தான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் வைத்த பசை வைத்தபடியே காய்ந்து கிடந்தது. கரப்புகள் மட்டும் ஜாம்ஜாமென்று இருந்தன. மாவு மூட்டைக்கு அடியில் குடும்பம் குடும்பமாக.

அப்போதுதான் அக்கா அந்த வார்த்தையைச் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை, கணக்குப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"தம்பி, மருந்துல தண்ணி கிண்ணி கலக்கிறியா?"

அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். பன்னைத் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து, அக்கா வேறொரு கம்பெனியிடம் பேசிவிட்டாள் என்று அத்தான்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஸ்ப்ரேக்கு அது பெரிய அவமானம். ஆனால் அதைவிட ஒரு கேள்வி அவனைக் குடைந்துகொண்டிருந்தது. மருந்து நல்ல மருந்து, மற்ற கடைகளில் வேலை செய்கிறது. இங்கே மட்டும் ஏன் தொடமாட்டேன் என்கின்றன? அவன் அத்தானிடம் ஒரே ஒரு உதவி கேட்டான். புது ஆட்கள் வருவதற்கு முன்னால், கடைக்கு விடுமுறையான நாளில், சாவியைக் கொடுத்தால் போதும். அக்காவுக்குச் சொல்ல வேண்டாம். அத்தான் சாவியோடு ஒரு ரொட்டிப் பொட்டலத்தையும் கொடுத்தார், உள்ளே தனியாக உட்கார்ந்திருப்பவனுக்குப் பசிக்குமே என்று.

விடுமுறை நாளன்று மத்தியானம் ஷட்டரை உள்ளேயிருந்து இழுத்துவிட்டு, ஜன்னல்களைக் கோணிப்பையால் மறைத்தான். டார்ச்சின் முகத்தில் சிவப்பு ஜெலட்டின் தாளைச் சுற்றினான். சிவப்பு வெளிச்சம் கரப்பின் கண்ணுக்குத் தெரியாது. மாவு மேசைக்கு அடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, எதிரே ஒரு துளி பசையை வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

முதலில் வந்தது ஒரு ஆண் கரப்பு. மீசையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு வந்தது, பசையைக் கண்டுகொண்டது, நேராகப் போய் வாயை வைத்தது. அடுத்த நொடி சூடு பட்டது போலத் துள்ளிப் பின்வாங்கியது. வாயைத் தரையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டது. பிறகு திரும்பிப் பாராமல் போய், அத்தான் கொடுத்த ரொட்டியிலிருந்து உதிர்ந்த வெண்ணெய்த் துணுக்கைச் சாவகாசமாகத் தின்றது.

ஸ்ப்ரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். இரண்டாவது வந்தது, அதுவும் அப்படியே. மூன்றாவதும். இத்தனை வருஷத் தொழிலில் அவன் செத்த கரப்புகளைத்தான் நிதானமாகப் பார்த்திருக்கிறான். உயிருள்ள ஒன்று இனிப்பை வாயில் வைத்துவிட்டு, கசப்பு மாத்திரையைக் கடித்த குழந்தை மாதிரி முகத்தைச் சுளிப்பதை இதுவரை பார்த்ததில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. கூடக் கொண்டுவந்திருந்த காலி ஊறுகாய் ஜாடியில் ரொட்டித் துண்டைப் போட்டு, கழுத்தின் உட்புறம் ஏறிவராதபடி வெண்ணெய் தடவி, கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அவன் மனைவி ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். நோயாளிகளின் சளியிலும் ரத்தத்திலும் இருக்கும் கிருமிகளைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு எது சாகிறது என்று பார்க்கிற வேலை. அதனால் மற்ற வீட்டில் நடந்திருக்கக்கூடிய ரகளை அந்த வீட்டில் நடக்கவில்லை. ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். சமையல் அறைக்குள் வரக்கூடாது, துணி அலமாரியின் கீழ்த்தட்டோடு நிற்கவேண்டும் என்று எல்லை போட்டாள்.

அவன் தான் பார்த்ததைச் சொல்லிவிட்டு, தன் முடிவையும் சொன்னான். கரப்புகளுக்குப் புத்தி வந்துவிட்டது. கூடப் பிறந்தவை தின்று சாவதைப் பார்த்துப் பார்த்து, இதைத் தொடக்கூடாது என்று கற்றுக்கொண்டுவிட்டன. தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

அவள் யோசித்தாள். அப்படி இருக்காது என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அடித்துச் சொல்லவும் தயக்கமாக இருந்தது. கிருமியைப் பற்றித் தெரிந்த அளவுக்குக் கரப்பைப் பற்றித் தெரியாது.

"எங்க தட்டுல லட்சக்கணக்குல கிருமி இருக்கும். நடுவுல மருந்து வில்லையை வெப்போம். சுத்தி இருக்கிறதெல்லாம் செத்து, வட்டமா வெறிச்சோடிப் போயிடும். சில தடவை அந்த வெறும் வட்டத்துக்குள்ள ஒரே ஒரு புள்ளி முளைச்சு நிக்கும். அது மருந்தைப் பார்த்துக் கத்துக்கிட்டது இல்லைங்க. மருந்து வெக்கிறதுக்கு முன்னாடியே அது அப்படித்தான் இருந்திருக்கு. மத்ததெல்லாம் போனதாலதான் நம்ம கண்ணுக்குத் தெரியுது."

"கிருமிக்குத் தலையே இல்ல. எதை வெச்சுக் கத்துக்கும்? கரப்புக்குத் தலை இருக்கு, மீசை இருக்கு. என்னைப் பார்த்தாலே ஓடுது. அதுக்குத் தெரியாதா?"

சாப்பிடும்போதும் இதே பேச்சு, பாத்திரம் கழுவும்போதும் இதே பேச்சு. கடைசியில் வழி கண்டுபிடித்தது அவன்தான். ஜாடியில் இரண்டு மூன்று பெண் கரப்புகள் பின்னால் முட்டைப்பையைச் சுமந்துகொண்டு திரிந்தன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைப்போம். குஞ்சுகள் வெளிவந்த உடனே தாயை எடுத்துவிடுவோம். பசையையே பார்க்காத, சொல்லிக்கொடுக்க ஆளில்லாத குஞ்சுகள் இனிப்பைத் தின்றால், பெரியவர்கள் கற்றுக்கொடுத்துத்தான் மற்றவை தின்னாமல் இருக்கின்றன என்று அர்த்தம். அவன் ஜெயித்தான். தின்னாவிட்டால் அவள் ஜெயித்தாள்.

அவளும் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். ஒரு ஜாடி போதாது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே படாத கரப்புகளும் வேண்டும். அதற்கு அவன் தையல் பட்டறைக்குப் போனான். துணியில் கறை பட்டுவிடும் என்று அந்த முதலாளி எந்த மருந்தையும் உள்ளே விட்டதே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஸ்ப்ரேயை வாசலோடு திருப்பி அனுப்புகிறவர், கரப்பை இனாமாகப் பிடித்துப்போக வந்திருக்கிறான் என்றதும் தேநீர் போடும் மூலையைத் தாராளமாகத் திறந்துவிட்டார்.

குஞ்சுகள் வந்தன. எள்ளளவு இருந்தன, முதலில் வெள்ளையாக, கொஞ்ச நேரத்தில் கறுப்பாக. தாய்களை அகற்றிவிட்டு, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்த குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஒரு மூலையிலும், ரொட்டித் தூளை இன்னொரு மூலையிலும் வைத்தார்கள். பசையில் இனிப்புக்குச் சேர்க்கிற சரக்கு அந்தக் குளுக்கோஸ்தான் என்று குழாயின் மேலேயே போட்டிருந்தது. விஷம் எதுவும் கலக்கவில்லை. அறை ஜன்னலைச் சாத்திவிட்டு, சிவப்பு டார்ச்சோடு கணவனும் மனைவியும் அலமாரிக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டார்கள்.

தையல் பட்டறைக் குஞ்சுகள் குளுக்கோஸைச் சுற்றிப் பந்தியில் உட்கார்ந்ததுபோல வட்டமாக நின்று தின்றன. அடுத்த ஜாடியில் பேக்கரிக் குஞ்சு ஒன்று குளுக்கோஸை நோக்கி வந்தது. வாயை வைத்தது. துள்ளிப் பின்வாங்கி, வாயைக் கண்ணாடியில் தேய்த்துத் துடைத்தது. பிறந்து ஒரு நாள் ஆகாத குஞ்சு. அது தன் தாயைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

அவன் தோற்றுவிட்டான். ஆனால் தோற்றவன் மாதிரி இல்லை, லாட்டரி விழுந்தவன் மாதிரி எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப இதுங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. இனிப்பு பிடிக்கல, அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்," என்றாள் அவள். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, ஆரம்பத்திலிருந்து அடுக்கிப் பார்த்தாள். இனிப்புப் பிடிக்காமல் பிறக்கிற ஒன்றிரண்டு கரப்புகள் எப்போதும் எங்கேயோ இருந்திருக்கும். நாக்குக் கோணல் என்று வைத்துக்கொள்ளலாம். பேக்கரியில் பிறந்துவிட்டு இனிப்பு ஆகாது என்றால் அது பாதி வயிற்றோடுதான் வளர்ந்திருக்கும், நோஞ்சானாகத்தான் இருந்திருக்கும். அப்போது அது அதற்குக் குறை. என்றைக்கு இனிப்பில் விஷம் வந்ததோ, அன்றைக்கே அந்தக் குறை வரமாகிவிட்டது. ஆசையாகத் தின்றவை பிள்ளை பெறாமல் போயின. நோஞ்சான் பிழைத்தது, பெற்றது. அதன் பிள்ளைகளுக்கும் அதே கோணல் நாக்கு.

அவன் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். மாதாமாதம் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவன் செய்துகொண்டிருந்தது கரப்பை ஒழிக்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தான். இப்போது பார்த்தால், சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு எது மிஞ்சவேண்டும் என்று சலித்துக்கொண்டே இருந்திருக்கிறான். இந்த ஜாடியில் இருப்பவை அவன் சலித்தெடுத்த சரக்கு. வருத்தப்பட வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தான், வருத்தம் வரவில்லை. வாய் பேசாத ஒரு ஜீவன் தன் கையால், தனக்கே தெரியாமல், உருமாறி நிற்பதைப் பார்க்கிற பிரமிப்புத்தான் இருந்தது.

இதற்கிடையில் புதுக் கம்பெனிக்காரர்கள் பேக்கரிக்கு வந்து அவர்கள் குழாயைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். வேறு நிறம், வேறு பெயர், அதே குளுக்கோஸ். கரப்புகள் அதற்கும் அதே மரியாதையைத்தான் கொடுத்தன. ஒரு சாயங்காலம் அக்கா தானே கிளம்பித் தம்பி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை நிறையப் பன். வந்தவள் உட்காரவில்லை. தண்ணீர் கலந்த பேச்சை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல், வீடு ஒட்டடையாக இருக்கிறது, தம்பி இளைத்துவிட்டான் என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே அலமாரிப் பக்கம் கண் போயிற்று.

"என்ன அது ஜாடி?"

"உங்க வீட்டுப் பிள்ளைங்கதான் அண்ணி," என்றாள் அவன் மனைவி.

அக்கா இரண்டடி பின்னால் போனாள். ஆனால் தம்பி ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சை நீட்டியபோது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் குனிந்துவிட்டாள். பேக்கரிக் குஞ்சு இனிப்பைத் தொட்டுத் துள்ளி ஓடுவதைப் பார்த்தாள். தையல் பட்டறைக் குஞ்சுகள் மொய்ப்பதைப் பார்த்தாள். மறுபடி ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றாள். காலம் முழுக்க இனிப்பு விற்கிறவளுக்கு அதில் ஏதோ அவமானம் நேர்ந்துவிட்டதுபோலத் தெரிந்தது.

"என் கடையில பொறந்துட்டு இனிப்பு ஆகாதாமா இதுக்கு?"

தம்பி சிரித்துவிட்டான். அக்காவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், ஜாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கு நான் ஒண்ணு கேட்டேன். அதை மனசுல வெச்சுக்காத."

"நீ கேட்டதும் தப்பில்லக்கா. மருந்து வேலை செய்யலைன்னா யாரும் மருந்தைத்தான் சந்தேகப்படுவாங்க. கரப்பு மாறிப்போச்சுன்னு யாருக்குத் தோணும்?"

மறுநாள் அவன் வேறொரு பசையோடு பேக்கரிக்குப் போனான். இனிப்பே இல்லாமல், நிலக்கடலை எண்ணெயும் கருவாட்டுப் பொடியும் சேர்த்த பசை. நாற்றம் தாங்காமல் அத்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்றார். கரப்புகளுக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. அந்த வாரமே மாவு மூட்டைகளுக்கு அடியில் பெருக்கி அள்ளவேண்டியதாயிற்று. அக்கா துடைப்பத்தோடு நின்றுகொண்டு, இனிமேல் தொல்லை விட்டதா என்று கேட்டாள். அவன் இல்லை என்றான். கடலை வாசனை பிடிக்காத ஒன்று இந்தக் கூட்டத்திலும் எங்கேயாவது இருக்கும், இதையே வைத்துக்கொண்டிருந்தால் கடைசியில் அதன் வம்சம்தான் மிஞ்சும், அதனால் இனி ஒன்று மாற்றி ஒன்று வைக்கப்போகிறேன் என்றான். அக்காவுக்குப் பாதி புரிந்தது. பன்னை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கித் தின்றான்.

வேலை முடிந்தது. ஜாடிகளைக் கொட்டிவிடலாம் என்று மனைவி சொன்னாள். அவனுக்கு மனசு வரவில்லை. குஞ்சுகள் பெரியவையாகிவிட்டிருந்தன. இரண்டு கூட்டத்தையும் சம்பந்தம் செய்துவைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்டான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அடுத்த விடுமுறைக்குச் சிவப்பு டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கி வந்தவள் அவள்தான்.

கரப்புக் கல்யாணத்தில் மாப்பிள்ளைதான் சீர் கொண்டுவர வேண்டும். ஆண் கரப்பு திரும்பி நின்று இறக்கையைத் தூக்கும். முதுகில் இனிப்பாக ஒரு நீர் சுரந்திருக்கும். பெண் அதன் மேல் ஏறி அதை நக்கிக்கொண்டிருக்கிற நேரத்துக்குள் காரியம் முடிந்தாக வேண்டும். பேக்கரிப் பெண்ணைத் தையல் பட்டறை மாப்பிள்ளையோடு விட்டார்கள். மாப்பிள்ளை இறக்கையைத் தூக்கினான். பெண் ஏறினாள், நக்கினாள், சட்டென்று வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். மாப்பிள்ளை இறக்கையை விரித்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். மறுபடி முயன்றான். மறுபடி அதே கதை.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பசைக்கு மட்டும்தான்னு நினைச்சோம்," என்றாள் அவள். "அந்த நாக்கு இங்க வரைக்கும் வந்துருச்சு."

"அப்ப பேக்கரிக்காரி பட்டறைக்காரனைக் கட்டவே மாட்டாளா? இப்படியே போனா ரெண்டும் ரெண்டு வேற வேற ஜீவனாயிடுமா?"

ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றாள் அவள். நடுவில் எத்தனையோ தலைமுறை கிடக்கிறது. அதற்குள் என்னென்ன நடக்குமோ. ஆனால் அவள் நெற்றி சுருங்கியிருந்தது. பேக்கரிக் கூட்டத்தில் ஆண்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் முதுகில் அதே இனிப்புத்தான் இருக்கவேண்டும். பிறகு எப்படி அந்தக் கூட்டம் மாவு மூட்டைக்கு அடியில் அவ்வளவு பெருகிற்று?

அதைப் பார்க்காமல் விடமுடியுமா? பேக்கரி ஆண்களை ஒவ்வொன்றாக அதே பெண்ணிடம் விட்டார்கள். முதலாவது இறக்கையைத் தூக்கியது. பெண் நக்கிவிட்டு இறங்கிப்போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஆண் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பெண் வாயை வைத்ததுதான் தாமதம், அவள் முகம் சுளிப்பதற்குள் காரியத்தை முடித்துவிட்டது. அவ்வளவு வேகம். ஸ்ப்ரே டார்ச்சைப் பிடித்த கையை அசைக்காமல் அப்படியே இருந்தான்.

"பார்த்தியா அதை?"

"பார்த்தேன்," என்றாள் அவள்.

"இந்த வேகக்காரனோட பிள்ளைங்க எப்படி இருக்கும்?"

அவள் எழுந்து சமையல் அறைக்குப் போனாள். தான் போட்ட எல்லையைத் தானே மறந்து, எலுமிச்சை ஊறுகாய் இருந்த ஜாடியைக் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டு, வேகக்காரனின் பிள்ளைகளுக்கென்று அதைக் கழுவ ஆரம்பித்தாள்.